காலண்டருக்குப் பின்னால் இருந்த கலர்

கோரிப்பாளையத்தில் இருந்த என் கொழுந்தன் வீட்டு முன்னறைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். காரணம் சுவர். லேசாகச் சாம்பல் பூத்த கத்திரிப்பூ கலர். எங்கள் ஆரப்பாளையம் வீட்டில் அப்போது வெறும் சுண்ணாம்புதான்.

அது என்ன டிஸ்டெம்பர் என்று ஓரகத்தியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் அவள் காபி போட உள்ளே போனபோது, தடம் தெரியக் கூடாதென்று காலண்டரைத் தூக்கி, பின்னால் நகத்தால் ஒரு துணுக்குச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கடைக்காரர் அதை வைத்துப் பார்த்து அச்சு அசலாக அதே கலரைத் தந்தார். பொங்கலுக்கு அடித்தோம். காய்ந்த பிறகு பார்த்தால், அவள் சுவரில் இருந்த அமைதி இல்லை. ஒரு படி தூக்கலாக, திருவிழாப் பாவாடை மாதிரி இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்.

பொங்கலன்று வந்த ஓரகத்தி சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"புதுசுல எங்க சுவரும் இப்படித்தான்க்கா இருந்துச்சு. வெயில் பட்டு வெளுத்துப்போச்சு. காலண்டருக்குப் பின்னாடி மட்டும் இன்னும் இதே கலருதான். நீங்கதான் பாத்திருப்பீகளே."