அட்டையில் வரைந்த விசைப்பலகை

கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் உட்பக்கத்தில் நீலப் பேனையால் வரைந்த விசைப்பலகை ஒன்று என் மேசை லாச்சியில் கிடக்கிறது. கட்டங்கள் எல்லாம் கோணல். வரைந்தவர் நோபல் பார்க்கில் எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்த அண்ணை. மன்னார்க் கடலில் இருபது வருடம் தொழில் செய்தவர். அகதியாக இந்த நாட்டுக்குப் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, 2012இல்தான் வெளியே விடப்பட்டவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். விசா விசாரணையில் அவர் சொல்லப்போகும் பதிலில்தான் அந்த மூவரின் வருகையும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஐந்து ஆண்கள். ஒருவரிடமும் கணினி இல்லை. நானும் அதைப் படித்துப் பழகியவனல்ல. நூலகத்தில் பிழை பிழையாகத் தட்டிப் பிடித்துக்கொண்டவன். அந்தப் பவுசில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரியைத் திறந்துகொடுத்து, கடவுச்சொல்லைக் குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். யார் நூலகத்துக்குப் போனாலும் எல்லாருக்கும் வந்ததைப் பார்த்துச் சொல்லலாம் அல்லவா? "தடிச்ச எழுத்திலை இருந்தால் புதுசு, அதை மட்டும் பாருங்கோ" என்று பாடமும் எடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணை மட்டும் கணினிக்கு முன்னால் இருக்கமாட்டார். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "கடலிலை கரை தெரியாட்டியும் திசை தெரியும் தம்பி. இதுக்குள்ளை ரெண்டும் தெரியேல்லை. நீரே பாரும்" என்பார்.

ஒரு வியாழக்கிழமை அண்ணையோடு நூலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது தடித்த வரி ஒன்றும் இல்லை. ஏனோ மனம் அமரவில்லை. கீழே மெலிந்து கிடந்த வரிகளையும் பார்த்துக்கொண்டு போனேன். அவருடைய விசாரணைக் கடிதம். ஐந்து நாளுக்கு முன் வந்தது. வீட்டில் வேறு யாரோ திறந்து, தன் பெயரைக் காணாமல் மூடியிருக்கிறார்கள். திறந்ததும் எழுத்து மெலிந்துவிட்டது. பிறகு எவரும் அதைப் பார்க்கவில்லை. விசாரணை அன்றைக்கே, காலை ஒன்பது மணிக்கு. அப்போது நேரம் பதினொன்றரை.

விசா அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினேன். ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான்; ஏழு நிமிடம் மிச்சம் என்றது திரை. எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். பாதியில் திரை அணைந்து எல்லாம் போய்விட்டது.

அண்ணைதான் அசைந்தார். பக்கத்துக் கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவியிடம் போய், தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு கதிரையைத் தொட்டு, "பிளீஸ், மம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அந்த அம்மா எழும்பினார். நான் உட்காரப் போனேன். அண்ணை மறித்தார்.

"உம்மடை கை எழுதி எழுதி அழிக்குது. இது வலை இழுத்த கை. நீர் பேப்பரிலை எழுதித் தாரும்."

ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ஐந்து வரிக்கு நாற்பது நிமிடம். வெளியே வந்ததும் சொன்னார்: "இனி எனக்கெண்டு ஒரு மெயில் வேணும் தம்பி. என்ரை கடிதத்தை நான்தான் திறக்கோணும்." குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

பதில் வரும்வரை தினமும் நூலகம் திறக்க முன்பே வாசலில் நின்றோம். வீட்டில் அவர் தானே வரைந்த அந்த அட்டையில் தட்டிப் பழகிக்கொண்டிருப்பார். "அண்ணை, மெயில் போட்டுதோ?" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள். "ஓமடா, உங்கடை வாய் மூடினால் போகும்."

புதிய திகதி வந்தது. கடிதத்தைத் திறந்தது அவருடைய விரல். அடுத்த வருடம் மனைவியும் பிள்ளைகளும் வந்து வீடு மாறியபோது, அட்டையை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

இப்போது எல்லார் கையிலும் ஃபோன். ஆனாலும் யாராவது அதை என்னிடம் நீட்டி, "அண்ணா, நீங்களே செய்து விடுங்கோ" என்பார்கள். இரண்டு நிமிட வேலை; விரல் துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கப் படாத பாடு படுகிறேன். அவர்கள் போனபின் லாச்சியை இழுத்துப் பார்ப்பேன். அட்டையில் சில கட்டங்களில் மட்டும் நீல மை தேய்ந்து வெளுத்திருக்கிறது. கூட்டி வாசித்தால் அவருடைய பெயர் வரும்.