கல் என்றால் எந்த நாள்?

'ஃபீட்பேக்' என்று யாராவது வாயைத் திறந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர்ட் பிளேரில் ஒரு படகு கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். எங்கள் ஆப்பைச் செய்துகொடுக்க மெயின்லேண்டிலிருந்து சென்னைக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதில் எதையாவது மாற்றுவார். போன வாரம் இருந்த பட்டனை இந்த வாரம் காணோம். கேட்டால், "சின்னதா செஞ்சு சீக்கிரம் விட்ரணும்ணா. தப்பு இருந்தா ஜனங்களே சொல்வாங்க, அடுத்த வெள்ளிக்கிழமை திருத்திக்கலாம்" என்பார். கவுண்டரில் வசவு வாங்குவது யார்? நான்தானே! அவர் உள்ளே ஏசியில் உட்கார்ந்திருப்பார்.

வாசலில் சமோசா விற்பவர் ஒருநாள் அவரிடம், "கதம், பாய். கல் ஆனா" என்று கையை விரித்தார். தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று அர்த்தம். "கல்னா நாளைக்கு! ஹிந்தி வந்துடுச்சுணா" என்று சென்னைக்காரர் என்னிடம் பல்லைக் காட்டினார். அந்தச் சமோசாவோடு அவருடைய இந்திப் படிப்பு முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். பயணிகள் எழுதுவதை ஆப்பே படித்து, அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழில் அறிவிப்பாக அனுப்பிவிடுமாம். இந்திச் சொற்களுக்கு அர்த்தம் போட்டதும் அவரேதான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகாராசன்.

வடக்குக் கோடியில், திக்லிபூரில் இருக்கும் என் தங்கைக்கு மறுவாரம் ஒருநாள் மதியத்துக்கு மேல் இங்கே டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. எத்தனையோ வருடமாக அவள் காத்துக் கிடந்த வேலை. காலைப் படகில் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். என் நம்பரிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் திக்லிபூர்ப் பயணி ஒருவர் ஆப்பில், "கல் போட் நஹி ஆயா" என்று எழுதியிருக்கிறார். நேற்று படகு வரவில்லை என்ற புகார் அது. கல் என்றால் நாளையும்தான், நேற்றும்தான். மீதி வார்த்தையை வைத்துத்தான் எந்த நாள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அந்த மீதியெல்லாம் ஆப்புக்கு எதற்கு? 'நாளை படகு வராது' என்று ஊருக்கே அறிவித்துவிட்டது.

தங்கை எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். லைன் கிடைக்கவில்லை. விடியுமுன் பஸ் ஏறி, சீட் இல்லாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். வழியில் பாராடாங்கில் பஸ்ஸை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரிக்காகக் காத்துக் கிடந்து, அவள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இண்டர்வியூ நடந்த இடம் பூட்டியிருந்தது. அவள் வர வேண்டிய படகு மதியமே நேரத்துக்கு வந்து நின்றது. ஜெட்டியில் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அந்த மனிதருக்கு! "சூப்பர் ஃபீட்பேக்ணா! வர்ற வெள்ளிக்கிழமை ஃபிக்ஸ் பண்ணிடறேன்." ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

லம்பா லைனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் இண்டர்வியூவுக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இருக்குண்ணே. எனக்கு?"

என் போன் சிணுங்கியது. எங்கள் ஆப்தான். 'உங்கள் படகுப் பயணம் எப்படி இருந்தது?'