பத்து வருட வாரண்டி

என் தம்பிக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். முதல்முறை கேட்பவர்கள், கொடுத்து வைத்தவன் என்று சிரிப்பார்கள். வேர்க்காத உடம்பில் சூடு வெளியே போக வழியில்லை, வெயில் ஏற ஏற உடம்பும் கொதிக்கும் என்று அம்மா எடுத்துச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடும். ஒரு சித்திரை மாத மதியம் அவனுக்கு அப்படிக் கொதித்து வலிப்பு வந்தது. அம்மாவின் மடியில் கண் சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்ததை நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மற்ற பிள்ளைகள் பேய்க்குப் பயந்த வயதில் நான் வெயிலுக்குப் பயந்தேன்.

ஈஜிபுராவில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது எங்கள் வாடகை வீடு. பெங்களூரில் போய் யாராவது ஏசி வாங்குவார்களா என்று ஊர்ச் சொந்தங்கள் போனில் கேலி செய்தார்கள். அவர்கள் யாரும் சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததில்லை. டாக்டர் சொன்னார், அப்பா வாங்கிவிட்டார்.

கடைக்காரர் பத்து வருட வாரண்டி என்று சொன்னாராம். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொன்னார். ஏசி வந்த அன்றே வாரண்டி அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். அட்டை அங்கே இருந்ததாலோ என்னவோ, வாரண்டி என்றால் தாயத்து மாதிரி ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்து வருடத்துக்குத் தம்பிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குள் அவன் பெரியவனாகிவிடுவான். இந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு நிம்மதி. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு என்று அப்பா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் வாரண்டி போய்விடும். நான் அதைத் தூசி தட்டக்கூடப் பயந்தேன்.

அடுத்த ஆண்டு சித்திரை முதல் நாள். அம்மா விடியற்காலையில் எழுந்து வீட்டைக் கழுவி, நிலைப்படியில் தொடங்கி பீரோ, பிரிட்ஜ், கேஸ் அடுப்பு என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தாள். ஏசியை மட்டும் விட மனம் வருமா? சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, முன்பக்க மூடியைத் துடைத்து, நடுவில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று என்று மூன்று பொட்டு வைத்தாள். தம்பியைக் காப்பாற்றுகிற சாமி அது, அதற்குப் பெரிய பொட்டாகவே வைத்தாள்.

மதியம் வெயில் ஏறியதும் அப்பா ரிமோட்டை அழுத்தினார். ஏசி வாயைத் திறக்கவில்லை. பேட்டரி மாற்றினார், சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார், ஏசிக்கு நேர் கீழே நின்று கையை உயர்த்தி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனிக்கு அடித்தால் பண்டிகை நாள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. தம்பியின் கன்னம் சிவக்கத் தொடங்கியிருந்தது. அம்மா துண்டை நனைத்து அவன் மேல் போட்டாள்.

பண்டிகைச் சாப்பாட்டுக்கு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வந்திருந்தார். மிக்ஸியோ கிரைண்டரோ, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதில் சிலது மறுபடி ஓடியதும் உண்டு. அவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்டபோது அப்பா முடியவே முடியாது என்றார். தம்பி முனகத் தொடங்கிய பிறகு அப்பா எதுவும் சொல்லவில்லை. மாமா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா பொட்டு அழிஞ்சிடப் போவுது, பாத்துடா" என்றாள் அம்மா.

மாமா பயபக்தியோடு பொட்டு இல்லாத இடங்களில் மட்டும் விரல் வைத்து மூடியைக் கழற்றிக் கட்டிலில் படுக்கவைத்தார். உள்ளே ஒரு ஸ்க்ரூவின் மேல் வெள்ளி நிறத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டு கிழிந்தது. சும்மா ஸ்டிக்கர்தானே என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது சும்மா ஸ்டிக்கர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா உள்ளே எதையோ ஊதினார், எதையோ தட்டினார், பொட்டு அழியாமல் மூடியைத் திரும்ப மாட்டினார். ஒரு ஸ்க்ரூ அவர் கையிலேயே மிஞ்சியது. ஏசி அசையவில்லை. மாமா பாயசம் குடித்துவிட்டு, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போயிருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஒருவழியாகக் கம்பெனியில் போனை எடுத்தார்கள். தமிழ் பேசுகிற ஒரு பெண். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். பத்து வருட வாரண்டி என்பது கம்ப்ரஸருக்கு மட்டும்தான், வெளிச்சுவரில் உறுமிக்கொண்டிருக்குமே அந்தப் பெட்டிக்குள் இருப்பது, என்று அவர் பொறுமையாக விளக்கினார். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வருடம். அது இந்த மாதத்தோடு முடிகிறது. அதுவும் வெளியாள் யாராவது பிரித்திருந்தால் எதுவும் செல்லாது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" என்றார். கடைசி "சரிங்க" பாதியில் நின்றுவிட்டது. நான் முருகன் படத்தைப் பார்த்தேன். தாயத்து அறுந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. போர்டு என்றால் அவ்வளவு பணத்துக்கு எங்களால் முடியாது என்று அம்மாவிடம் அப்பா மெல்லச் சொன்னதும் காதில் விழுந்தது.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் ஆள் வருவார் என்றார்கள். அப்பா லீவு போட்டார். பத்து மணிக்கே கூரை கொதிக்க ஆரம்பித்தது. அம்மா தம்பியைத் தண்ணீர் நிரம்பிய பெரிய டப்பில் உட்காரவைத்தாள், அவன் குளிரில் அழுதால் தூக்கினாள், சூடானால் மறுபடி உட்காரவைத்தாள். விளையாட்டுப் பிள்ளை விளையாடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் மேலே போகிறதா, மேலே போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். வீட்டில் கன்னடம் என்றால் நான்தான். எங்கள் தெருவில் எல்லோரும் தமிழ்; பள்ளியிலிருந்து கன்னடத்தில் எது வந்தாலும் அப்பா என்னிடமே நீட்டி, படித்துச் சொல்லச் சொல்வார்.

"வர்றவரு கன்னடக்காரராம். நீதான் பேசணும். யாராச்சும் தொறந்தீங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடு, கண்ணு."

நான் தலையாட்டினேன். ஸ்டூலைப் பிடித்தவள் நானல்லவா, என் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

வந்தவர் நெற்றியில் குங்குமம் வைத்த ஒல்லியான ஆள். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு மூடியைத் தூக்கியதுமே கிழிந்த சீட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"யாராத்ரு ஓப்பன் மாடித்ரா?"

யாராவது திறந்தீர்களா என்கிறார். அப்பா என் பின்னால் நின்றார். "சொல்லும்மா" என்றார். உள்ளே டப்பில் தம்பி அழக்கூட இல்லை. அப்பா சொல்லச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் என் வாயிலிருந்து கன்னடத்தில் வேறெல்லாம் வந்தது. எங்கள் மாமா திறந்தார், ஸ்டூலைப் பிடித்தது நான்தான், உங்கள் வாரண்டி போனால் போகட்டும், எப்படியாவது ஓட வைத்துவிடுங்கள், என் தம்பிக்கு வேர்க்காது, செத்துப்போய்விடுவான், நான் சொன்னேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முகத்தை மட்டும் இல்லை இல்லை என்று சொல்வதுபோல் வைத்துக்கொண்டு சொன்னேன்.

அந்த ஆள் என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மூடியை மாட்டி, மெயினைப் போட்டு, ரிமோட்டை அழுத்தினார். நகர்ந்து நின்று மறுபடி அழுத்தினார். பிறகு மூடியின் வலது ஓரத்துப் பொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மாவைப் பார்த்து "ஒரெஸ்லா அம்மா?" என்றார்.

துடைக்கட்டுமா என்று கேட்கிறார் என்றேன். நாள் நேற்றோடு போயிற்றே, துடைக்கச் சொல் என்றாள் அம்மா. அவர் பொட்டைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரத் துணியால் சந்தனத்தை வழித்து எடுத்தார். அடியில் கறுப்பாகச் சின்ன வில்லை ஒன்று இருந்தது. ரிமோட் சொல்வதைக் கேட்டுக்கொள்வது அந்த இடம்தானாம். இப்போது அழுத்தினார். பீப் என்று ஒரு சத்தம். ஏசி வாயைத் திறந்தது.

அம்மா தம்பியை ஈரத்தோடு வாரி எடுத்துவந்து அதன் கீழே நின்று அழுதாள். எதுவும் கெட்டுப்போகவில்லை, எதையும் மாற்றவும் வேண்டாம், அதனால் வாரண்டிப் பேச்சே எழவில்லை. அந்த ஆள் மாமா மிச்சம் வைத்த ஸ்க்ரூவைக் கேட்டு வாங்கி முடுக்கிவிட்டு, என் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நல்லாப் பேசுன கண்ணு" என்றார். நான் நன்றாகப் பொய் சொன்னதற்குப் பாராட்டுகிறார். அந்த ஆள் மறுபடி எப்போதாவது வந்து உண்மையைச் சொல்லிவிட்டால்? அந்தக் கோடை முழுக்க யாராவது கதவைத் தட்டினால் நான் குளியலறைக்குள் ஓடினேன். தம்பிக்கான பயம் தீர்ந்து, அந்த இடத்தில் அப்பா மீதான பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சில வருடங்கள் கழித்துத் தம்பியைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தமிழ் தெரியாத தலைமையாசிரியர். நான் பேசுவதற்குத் தயாராக முன்னால் போய் நின்றேன். அப்பா என்னை மெல்ல நகர்த்திவிட்டு, தம்பியின் உடம்பைப் பற்றி, வேர்வையைப் பற்றி, மின்விசிறிக்குக் கீழே அவனை உட்காரவைக்க வேண்டியதைப் பற்றிக் கன்னடத்தில் பேசினார். தடுமாறாமல், என்னைவிட நன்றாகப் பேசினார்.

வெளியே வந்ததும், எப்போதுப்பா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"இங்க வந்து கார்மெண்ட்ஸ் கம்பெனில துணி வெட்ட ஆரம்பிச்சப்பவே பேச வந்துடுச்சு, படிக்கத்தான் வராது. நீ அப்ப பொறக்கவே இல்ல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தம்பியின் தலையில் தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டார்.