ஆக்சிலேட்டரில் கட்டிய செருப்பு

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் மத்தி மீனும் பெட்ரோலும் கலந்தால் ஒரு வாசனை வரும். நான் ஒன்பதாவது முடித்த கோடை முழுவதும் என் உள்ளங்கையில் அந்த வாசனைதான் இருந்தது, ஏனென்றால் தினமும் சாயங்காலம் அப்பாவின் வலது கையை மடியில் வைத்து நீவிவிடுவது என் வேலை. விடியலில் கோடியக்கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, திருத்துறைப்பூண்டி வரை உள்ள வயல்காட்டு ஊர்களில் தெருத்தெருவாக விற்றுவிட்டு அவர் வீடு திரும்பும்போது, அந்தக் கை விரிய மறுக்கும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விரல்கள் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே வளைந்து நிற்கும்.

"மதமதன்னு இருக்கு புள்ள, நல்லா அழுத்து" என்பார். அழுத்துவேன். வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கையை முக்கிவைக்கச் சொல்லி அம்மா தன் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்வாள். எதுவும் பலிக்கவில்லை. சோற்றைப் பிசைய விரல்கள் ஒத்துழைக்காமல் அப்பா கரண்டியில் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலைக்காரர், "என்னண்ணே, தொர மாதிரி கரண்டி கேக்குறீங்க?" என்று கேலி செய்துவிட, அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் பந்தியில் உட்காரவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

குற்றம் வண்டியில் இருப்பதாக எனக்குப் பட்டது. உப்பளத்துக் காற்றுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்துக் கல்லாக இறுகியிருந்தது. புதிது மாட்டினாலும் சில மாதங்களில் அதே கதைதான். மெக்கானிக் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிளின் மேல் நுனியைக் கழற்றி, பால் கவரைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றி, கீழ் நுனியில் கறுப்பாகச் சொட்டும் வரை காத்திருந்தேன். பாதி இறுக்கம் போயிற்று. மீதிக்குத்தான் செருப்பு. தேய்ந்த ஹவாய் செருப்பின் குதிகால் பக்கத்தை நாக்கு மாதிரி வெட்டி, சைக்கிள் ட்யூப் பட்டையால் ஆக்சிலேட்டர் பிடியில் இறுக்கிக் கட்டினேன். விரல்களால் முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். அந்த நாக்கின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதி படிந்திருந்தால் போதும், வண்டி ஓடும்.

முதல் நாளே வம்பாயிற்று. நாக்கை நீளமாக வெட்டிவிட்டேன். மதகில் திரும்பும்போது பிரேக் பிடிக்கப் போன அப்பாவின் கை அதை அழுத்திவிட, வண்டி சீறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. நல்லவேளை, முழங்கால் தண்ணீர்தான். அரைப் பெட்டி மத்தி தண்ணீரோடு போயிற்று. சேறும் செதிலுமாக வந்து நின்றவர், "பொட்டப் புள்ளைக்கு வண்டியில என்ன வேல?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அழுதேன், ஆனால் விடவில்லை. நாக்கை இரண்டு விரற்கடை குறைத்து, கையை எடுத்தால் பிடி தானாகத் திரும்பும்படி சற்று மேலே தள்ளிக் கட்டினேன். அம்மா கெஞ்சியதால் இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்.

பத்து நாளில் அப்பா சோற்றைப் பிசைந்தார். ரசம் முழங்கை வரை வழிய அவர் சாப்பிட்டதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்த மார்க் வாங்கியும் வந்ததில்லை.

அடுத்த மாதம் ஒரு விவசாயி எங்கள் வாசலில் வந்து நின்று, தன் வண்டிக்கும் அப்படி ஒன்று கட்டித்தர வேண்டும் என்று அண்ணனைத் தேடினார். "மீன்காரரே சொன்னாரு, மவன்தான் செஞ்சு குடுத்தான்னு." அண்ணன் ஒன்பதாவதில் ஒரு வருஷம் தங்கி என்னோடு பத்தாவதுக்கு வந்தவன், சைக்கிள் செயின் கழன்றால் வீடு வரை தள்ளிக்கொண்டே வருகிறவன். அவன் என்னைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார். வாய்க்காலில் இறக்கியது என் செருப்பாம், சோறு பிசைய வைத்தது அண்ணன் செருப்பாம்.

அதோடு "கைராசிக்காரப் பையன்" என்று அவனுக்குப் பேர் பரவிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பேர் இல்லை. கைராசி உள்ளவர்களைக் கூப்பிட்டுத்தான் நாற்றங்காலில் முதல் கை விதை தெளிக்கச் சொல்வார்கள். அந்த ஆடியில் மூன்று ஊர்க்காரர்கள் அண்ணனைக் கூப்பிட்டார்கள். வெற்றிலை பாக்கும் புதுத் துண்டுமாகத் திரும்பி வந்தான். நாற்றும் நன்றாகவே வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம், வராமல் என்ன செய்யும்? நான் கொல்லையில் உட்கார்ந்து, அவனைத் தேடி வந்த வண்டிகளுக்குச் செருப்பு வெட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது ரிசல்ட் வந்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கப்போகிறேன் என்றேன். மார்க் இருந்தது. வீட்டுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது, அண்ணனுக்கு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே நிரப்பச் சொன்னார்கள். பேனாவை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன்: "செருப்பு யாரு கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"என் கைக்குத் தெரியாதா புள்ள?" என்றார் அப்பா, சாதாரணமாக. "ஆனா ஊர்ல சொல்லியாச்சுல்ல. இப்பப் போயி மாத்திச் சொன்னா அவன் பேரு என்னாவுறது?"

என் பேர் என்னாகும் என்று கேட்டிருக்க வேண்டும். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர் தெரிந்தே செய்தார். அந்த விண்ணப்பத்தை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் இரண்டாம் வருஷத்திலேயே படிப்பை விட்டுவிட்டு சிங்கப்பூர் போனான். நான் ப்ளஸ் டூ, ஆசிரியர் பயிற்சி என்று வீட்டில் காட்டிய வழியில் போய் இன்று ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நல்ல வேலைதான், நன்றாகவும் செய்கிறேன். ஆனால் ரோட்டோரம் யாராவது வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால் என் ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

அப்பாவின் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது மீன் "குட்டியானை" மினி லாரியில் வருகிறது. புது வண்டிகளின் ஆக்சிலேட்டர் விரல் பட்டாலே திரும்புகிறது, அதில் செருப்புக் கட்டி ஓட்டுகிறவர்கள் யாரையும் காணோம். போன மாதம் அப்பாவுக்கு மறுபடியும் கை மரத்துப்போக, தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வருஷம் வண்டி ஓட்டினீங்களாய்யா? இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு" என்றார்.

"அதுவா டாக்டர், எம்மவன் ஆக்சிலேட்டர்ல ஒரு செருப்புக் கட்டிக் குடுத்தான். அதுலதான் தாங்குச்சு" என்றார் அப்பா.

ஊர்க்காரர்கள் யாரும் அங்கே இல்லை. அண்ணனும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தாங்க டாக்டர் கட்டினேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு மூன்றாம் மனிதரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "நீயா?" என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.