மாட்டுக்கு எட்டாத போஸ்டர்

எங்கள் மயிலாப்பூர் சபாவின் முதல் நாட்டியக் கச்சேரிக்குப் போஸ்டர் ஒட்ட வந்தவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். மருதாணிச் சிவப்பில் தாடி, தோளில் மூங்கில் ஏணி, கையில் கஞ்சிப் பசை வாளி. ஒவ்வொன்றையும் ஒட்டி முடித்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் மறுபடியும் ஏணி.

யுத்த காலத்துக் காகிதப் பஞ்சத்தில் எங்களுக்குக் கிடைத்தவை பன்னிரண்டே போஸ்டர்கள். அவற்றையும் அவர் மாடி ஜன்னல் உயரத்தில் ஒட்டிக்கொண்டு போனார். நாட்டியத்துக்கு ஆள் வருமா என்ற கவலையில் இருந்த எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு ஒசரத்துல ஒட்டினா யார் பாய் படிப்பா?"

"தாழ ஒட்டினா மாடு துன்னுடும் சார். கஞ்சிப் பசைன்னா அதுக்கு உசுரு."

நான் கேட்கவில்லை. கடைசிப் போஸ்டரை வாங்கி, குளக்கரைச் சுவரில் என் மார்பளவு உயரத்தில் நானே ஒட்டினேன்.

மறுநாள் காலை இருவரும் போய்ப் பார்த்தோம். ஆடப்போகும் பெண்ணின் பெயர், தேதி, இடம் எல்லாம் போய்விட்டன. 'அனைவரும் வருக' என்ற மேல்வரி மட்டும் மிச்சம்.

பாய் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்தார்.

"தேதி, எடம் எல்லாம் மாட்டுக்குத் தெரியும் சார். ஜனத்துக்குத்தான் தெரியாது."

முகத்தில் சிரிப்பே இல்லை. கேலி செய்தாரா, வருத்தப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாட்டியத்தன்று வாசலில் சந்தனம் கொடுத்து எல்லோரையும் வரவேற்ற நான், மாடு ஏதும் வருகிறதா என்று தெருமுனையையும் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.