கிரேனில் வந்த வீடு

என் மகளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர, வீடுகளைப் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து எதுவும் கிடையாது. செங்கல், இரும்பு, சூடு, ஒழுகல் என்று அந்த வருடம் நான் பேசியதெல்லாம் இதைத்தான்.

தெலுங்கு பேசும் ஊரான போவன்பள்ளியில் எங்களுக்கு ஒரு சின்ன மனை இருந்தது. அதில் தனக்கென்று ஒரு சிறிய வீட்டை, முடிந்தவரை தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். விடுமுறை நாள்களில் போய்ச் சுவர் எழுப்பவும் பழகியிருந்தாள். எனக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விபத்தாகவே கேட்டது. சாரம் என்றால் விழுவாள். தண்ணீர்த் தொட்டி என்றால் அதற்குள் விழுவாள். அடுக்கிய செங்கல் என்றால் நடுவில் பாம்பு.

"ஏன்ப்பா, மேல ஏரோப்ளேன் விழறத விட்டுட்டீங்களே?" என்றாள்.

விட்டிருக்கவில்லை. சொல்லத் தயங்கினேன், அவ்வளவுதான்.

கடைசியில், தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து வரும் வீடு ஒன்றை வாங்கித் தருவதாக அவளைச் சம்மதிக்க வைத்தேன். ஒரே அறை, சமையல் மேடை, குளியலறை, ஜன்னலுக்குத் திரை உட்பட. விற்றவர், "கட்டுற வேலையே கிடையாது சார், வந்து உக்காந்துக்கும்" என்றார். இவ்வளவு பாதுகாப்பான வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. மகள் மட்டும், "ஃப்ரிட்ஜ் வாங்கற மாதிரி வீடு வாங்கறோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு ஒரு லாரியில் வந்தது. கிரேன் அதைத் தூக்கியது. மின்கம்பியை விட்டு விலகி, சுற்றுச்சுவரைத் தாண்டி, கான்கிரீட் மேடைக்கு நேர் மேலே வந்து நின்றது. திரை உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று, சாரமில்லை, தொட்டியில்லை, பாம்பில்லை என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் மகள் மேடைமேல் ஏறி, மூலையில் கிடந்த ஒரு கல்லைத் தள்ளக் குனிந்தாள். அவள் தலைக்கு மேலே வீடு.

கிரேன்காரருக்கு அந்த மூலை தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார்: "தின்ச்சேயனா சார்?" இறக்கட்டுமா என்கிறார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. இந்த ஊரில் பாதி ஆயுள் தெலுங்கில்தான் காய்கறி வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"இல்ல! இல்ல!"

தெலுங்கில் இல்லு என்றால் வீடு.

"ஹவ் சார், இல்லு!" ஆமாம் சார், வீடுதான் என்று அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கட்டைவிரலை உயர்த்தினார். வீடு இறங்கத் தொடங்கியது. நான் இன்னும் பலமாக, "இல்ல! இல்ல!" என்று கத்தினேன். அவர் இன்னும் உற்சாகமாக இறக்கினார்.

நிழல் பரவியதும் மகள் நிமிர்ந்தாள். "ஆப்பண்டி அண்ணா! நிறுத்துங்க!" என்று கத்தியபடியே வெளியே குதித்தாள். கிரேன்காரர் சட்டென்று பிரேக் பிடித்ததில் வீடு ஒரு பக்கமாக ஆடி, ஒரு மூலை மேடையில் தட்டி, அப்படியே தெருவுக்குக் கோணலாகத் திரும்பி உட்கார்ந்தது.

கிரேன்காரர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்திருந்தது.

"சொந்த வீட்டப் பாத்து இவ்ளோ சந்தோஷப்பட்ட மனுஷன அவர் பாத்ததே இல்லயாம்" என்று மகள் மொழிபெயர்த்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பு, உதடு வெளுத்திருந்தது.

இன்னொரு முறை தூக்கி வைத்தால் நேராகிவிடும், சின்ன வேலைதான் என்றார் கம்பெனி ஆள். மகளும், "சரி பண்ணிடலாம்ப்பா, நான் ரோட்டுலயே நிக்கறேன்" என்றாள்.

"வத்து" என்றேன். வேண்டாம் என்பதற்கு அங்கே அதுதான் சொல். இந்த முறை எல்லோருக்கும் புரிந்தது.

வீடு இன்றும் தெருவுக்குக் கோணலாகவே நிற்கிறது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் துணி காயும் கொடிதான் எதிரே தெரியும். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா, இப்படித் திருப்பி வைத்தது வாஸ்துவா என்று கேட்டார்.

மகள் என் பக்கம் கை காட்டி, "இல்ல ஆன்ட்டி, அப்பா" என்றாள்.