கைப்பைக்குள் கார்த் திறப்பு

ஸ்கொட்லாந்தின் வடகோடியில், மலைச்சாலையோரம் காரை நிறுத்தி மூடுபனி விலகக் காத்து நிற்கிறோம். எதிரே பள்ளத்தாக்கு முழுக்க இலையுதிர்கால மஞ்சளாம். எங்களுக்குத் தெரிவதோ வெறும் வெள்ளை. லண்டன் லூயிஷாமில் உள்ள எங்கள் கடையைச் சித்தப்பாவிடம் விட்டு வந்த அப்பா, வீடியோ அழைப்பில் அவரிடம் பால் அடுக்கிய தட்டைக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"காணும், வெளிக்கிடுவம்" என்று அப்பா கிளம்பப் பார்க்கிறார்.

அம்மா கார்த் திறப்பை, இருக்கிற ஒரே சாவியை, கைப்பைக்குள் போட்டு மூடுகிறார். "இலையைப் பாக்காமல் நான் வரமாட்டன். அவசரமெண்டால் லண்டனுக்கு நடவுங்கோ."

நான் அம்மா பக்கம். நாயோடு வரும் உள்ளூர்ப் பெண்ணிடம் மட்டன் ரோல் ஒன்றை நீட்டி, பனி விலகுமா என்று கேட்கிறேன். அவர் கடித்துக்கொண்டே வானத்தைப் பார்க்கிறார்.

"விலகலாம், விலகாமலும் போகலாம். இன்னொன்று தந்தால் நானும் நின்று பார்க்கிறேன்."

இரண்டாவது ரோல் முடியும்போது காற்று திரும்புகிறது. பனி கிழிந்து, சரிவெல்லாம் மஞ்சள் பேர்ச் மரங்கள், செம்பழுப்புப் புதர்கள், அடியில் கறுத்த ஏரி. அப்பா கைபேசியை மலைப்பக்கம் திருப்புகிறார்.

"பால் கிடக்கட்டும் தம்பி. இதைப் பார்."

அம்மா இன்னும் கைப்பையைத் திறக்கவில்லை. அப்பாவும் திறப்பைக் கேட்கவில்லை.